பள்ளியை மாற்றினால் என்ஜினீயரிங் சீட் போச்சு! பெற்றோர்களே, உஷார்!

"பையன் நல்லாப் படிக்கிறான். ஒன்பதாவதுல தனியார் ஸ்கூல்ல போட்டுடலாம்."

இப்படி நினைக்கிற அப்பாவா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள்!

கடன் வாங்கி ஃபீஸ் கட்டப் போகிறீர்கள். கூடவே, அவனுக்குக் கிடைக்க வேண்டிய என்ஜினீயரிங் சீட்டையும் கைநழுவ விடப் போகிறீர்கள்.

எப்படி என்கிறீர்களா?

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி, 2021 ஆகஸ்டில் தமிழக சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. நீதிபதி முருகேசன் கமிஷனின் சிபாரிசுப்படி வந்த சட்டம் இது. 200 சீட் என்றால் 15 சீட் இவர்களுக்கு! தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களிலும் உண்டு. இந்த இடங்களுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேதான் போட்டி போடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து டியூஷன் போன பிள்ளைகளோடு மோத வேண்டியதில்லை.

பணத்துக்கு எங்கே போவது? கல்லூரி, ஹாஸ்டல், கவுன்சிலிங் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று அதே ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

ஆனால்... ஒரு நிபந்தனை!

6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இலவச கட்டாயக் கல்விச் சட்டப்படி 8-ம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

எது அரசுப் பள்ளி?

மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதி திராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் கணக்கில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது! இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சம்பளம் கொடுப்பது சர்க்கார்தானே என்று கேட்டால் பயனில்லை. அந்தப் பிள்ளைகளும் ஏழைகள்தான். அவர்களை விட்டது நியாயமா என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

பொம்பளைப் பிள்ளைக்கா?

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்ஜினீயரிங்?" என்பவர்களுக்கு ஒரு சேதி. 18 வயதில் கணவனை இழந்தார் லலிதா. கையில் பச்சைக் குழந்தை! கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா, மகளை அங்கேயே சேர்த்துவிட்டார். 1943-ல் எலெக்ட்ரிகல் என்ஜினீயர் ஆனார் லலிதா. ஆணுக்கென்றே அச்சடித்த சர்டிபிகேட்டில் 'அவன்' என்ற இடத்தை அடித்து, 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்களாம்! அவரோடு பட்டம் வாங்கிய தெரசியா, 1971-ல் கேரள பொதுப்பணித்துறையின் தலைமை என்ஜினீயராகவே ஆனார்.

கணக்கை விடாதீர்கள்

2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் 2 மார்க்தான். கணக்குக்கு 100, பிசிக்சுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50... ஆக கட்-ஆஃப் 200. பாதி மார்க் கணக்கில்தான்! பிளஸ் 1-ல் கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டு, பிறகு கையைப் பிசைந்து என்ன செய்வது?

உங்கள் பள்ளியில் அந்த குரூப் இல்லையா? பக்கத்தில் வேறு அரசுப் பள்ளி பாருங்கள். அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால் சலுகை போகாது.