கூதிர் காலமும் எமது பனம்பாத்தியும்

புவியியற் பாடத்தில் வட நாடுகளின் நான்கு பருவங்களையும் விளக்கிக்கொண்டிருந்தபொழுது, கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், எங்கட ஊரிலை இலை கொட்டுற காலம் எது?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி. அதற்கு உடனே விடை சொல்லவும் எம்மால் இயலவில்லை.

வட நாடுகளில் மேப்பிள் மரம் பொன்னிறமும் செந்நிறமும் பூண்டு இலை உதிர்ப்பது ஒக்டோபர், நவம்பர் மாதங்களில். அதே மாதங்களில் யாழ்ப்பாணத்து வேலிகளோ தளிர்த்து நிற்கின்றன. வெயிலிற் காய்ந்து வெடித்த தரவைகள் நாலைந்து மழைக்குள்ளே பச்சைப் பாய் விரித்துவிடுகின்றன. வேலியோரத்திற் கார்த்திகைப் பூ தீச்சுடர் போல எழுகின்றது. எமது முற்றத்து வேம்பு இலை உதிர்ப்பது, மாரி கழிந்து பனியும் கழியும் மாசி, பங்குனியிலேதான். ஆகவே மேலைநாட்டார் கூறும் இலையுதிர் காலம் எமக்கில்லை. ஆயினும் அம்மாதங்களுக்குத் தமிழிலே தனிப் பெயர் உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். ஆவணியும் புரட்டாசியும் கார். மார்கழியும் தையும் முன்பனி. இஃது ஏட்டு வழக்கு. ஊர் வழக்கில் எல்லாம் மாரி என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

மாரி பிறந்தமை எமது வீட்டில் முதலில் அடுக்களையிலேயே தெரியும். மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் வறுபடும் மணம் விறாந்தை வரை வந்து எம்மை எழுப்பும். அவற்றைக் கோப்பியுடன் சேர்த்து இடித்து, போத்தலில் அடைத்து, மழைக்காலம் முழுவதற்கும் வைத்துக்கொள்வது அம்மாவின் வழக்கம். அந்தக் கோப்பியிற் சீனி கரைப்பதில்லை. குட்டானிலிருந்து பனங்கட்டியை எடுத்து உடைத்து, ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டே குடித்தல் வேண்டும். சீனி போட்டுக் குடித்தாலும் அதே சுவைதானே என்பாருடன் நாம் வாதாடுவதில்லை. அவர்கள் நல்லவர்கள், ஆனால் மாரியை அறியாதவர்கள்.

தந்தையாருக்கு வேறொரு பழக்கம் இருந்தது. இரவு மழை பெய்தால், விடிந்ததும் முகம் கழுவு முன்னரே கிணற்றடிக்குச் சென்று எட்டிப் பார்ப்பார். உள்வட்டத்துக் கற்களில் எத்தனை வரி மூழ்கியிருக்கின்றன என்று எண்ணி வந்து சொல்வார். சிறுவயதில் அது எமக்கு வேடிக்கையாயிருந்தது. பின்னர் நாமே இப்பாடத்தைப் படிப்பிக்க வந்தபொழுதுதான் அவர் எண்ணியது எதனை என்பது விளங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் திசம்பர் வரையில் விழுந்துவிடும். அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின் மேல் நன்னீராய்த் தங்குகின்றது. வைகாசியில் நாம் அள்ளும் வாளித் தண்ணீர் கார்த்திகையில் முற்றத்திற் பெய்த மழையே. இதனையெல்லாம் வகுப்பில் விரித்துரைக்கும் நாமே, சைக்கிள் சேறு படாமல் நிற்க வேண்டுமென்று 2012ஆம் ஆண்டில் முன்முற்றத்துக்குச் சீமெந்து பூசினோம். இன்று அம்முற்றத்து மழை வீதிக்கு ஓடுகின்றது. தந்தையார் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிரார். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

இனி, மாரிக்கென்று எமது குடும்பம் காத்திருக்கும் பண்டத்துக்கு வருவோம். அது கூழ்.

கூழ் காய்ச்சுவதற்கு நாள் பார்க்க வேண்டும். கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாள். அது தீபாவளியை ஒட்டிய அமாவாசையோடு நிறைவெய்தும். மறுநாளே கந்தசஷ்டி தொடங்கி ஆறு நாள் நடைபெறும். அதுவரை எமது வீட்டிற் சைவச் சமையல்தான். வெளியே நல்ல மழை, உள்ளே விரதம். அந்த நாட்களிற் கூழைப் பற்றிப் பேசுவதையும் அம்மா அனுமதிப்பதில்லை. பாரணை முடிந்து இரண்டொரு நாளில், மழை விடாத ஒரு பின்னேரத்தில், பெரிய பானை அடுப்பில் ஏறும். அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை. நண்டு, இறால், சிறுமீன். யாவும் வெந்த பின்னர், ஊறவிட்டுக் கசப்பு நீக்கிய ஒடியல் மாவைப் பழப்புளியுடனும் அரைத்த செத்தல் மிளகாயுடனும் கரைத்து ஊற்றி, கை விடாமல் துழாவ வேண்டும். நால்வருக்கு மட்டும் அளவாகக் கூழ் காய்ச்சத் தெரிந்த ஒருவரையும் நாம் இதுவரை கண்டதில்லை. பானை நிறைந்தே தீரும். ஆதலால் வேலிப் பொட்டினூடே ஒரு சட்டி கிழக்கு வீட்டுக்குப் போகும். மற்றொன்று மேற்கு வீட்டுக்குப் போகும். நாம் விறாந்தையில் வட்டமாக இருந்து, பனையோலையிற் கோலிய பிளாவில் வாங்கி, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கிலும் கண்ணிலும் நீர் வழியக் குடிப்போம். உறைப்புத் தாங்காத சிறுவர் அழுதுகொண்டே இன்னும் கேட்பர்.

ஆனால் அந்த ஒரு பின்னேரக் கூழுக்கு வேலை தொடங்குவது அதற்கு முந்திய ஆண்டிலேயே என்பதைச் சிறுவர் அறியார். ஆவணி, புரட்டாசியிற் பனம்பழம் விழும். பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பணியாரம் சுடுவதும், பாயில் ஊற்றிப் பனாட்டுப் போடுவதும் ஒருபுறம் நடக்க, எஞ்சிய கொட்டைகளைச் சேர்த்து வைப்பர். பின்வளவில் மண்ணை வெட்டி முழங்கால் உயரத்துக்குக் குவித்து, அதன்மேற் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் தூவி மூடுவர். இதுவே பனம்பாத்தி. மழை பெய்யப் பெய்ய ஒவ்வொரு கொட்டையும் கீழ்நோக்கி ஒரு முளையை விட்டு, பொருமிய மண்ணுக்குள்ளே கிழங்கு வைக்கும். மார்கழியிலும் தையிலும் பாத்தியைக் கிண்டுவர். கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் பூரானை உண்பதற்குச் சிறுவரிடையே பெரும் போர் நடக்கும். கிழங்கில் ஒரு பங்கு அன்றே அவித்து உண்ண. ஒரு பங்கு அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்க. மற்றொரு பங்கு பச்சையாகக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்க. அந்த ஒடியலே பானையிற் காத்திருந்து, அடுத்த மாரியில் மாவாகிக் கூழாகும். ஓராண்டு பாத்தி போட மறந்த வீடு, மறு ஆண்டு மாரியிற் பிறர் வேலிப் பொட்டைப் பார்த்திருக்கும்.

எமது வீட்டிற் பாத்தி போட ஒருவரும் மறந்ததில்லை. போட்ட பாத்தியைக் கிண்ட முடியாமற் போன ஆண்டு ஒன்று உண்டு.

1995ஆம் ஆண்டு. நாம் அப்பொழுது பாடசாலை மாணவர். கந்தசஷ்டி முடிந்து, இனிக் கூழ் காய்ச்சலாம் என்று வீட்டார் பேசிக்கொண்டிருந்த வேளை. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் நாமும் இருந்தோம். அன்றிரவு மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் அடிக்கு அடி நின்று நின்று நகர்ந்தோம். தாகத்துக்குக் குடையை மறித்துப் பிடித்து, அதில் விழுந்த மழைநீரைக் குடித்தோம். அன்று வீட்டிலிருந்து இறங்குகையில் அம்மா பின்வளவுக்கு ஒரு முறை போய் வந்தார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தோம். திரும்பி வந்தவர், "பாத்திக்கு நல்ல மழை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தந்தையார் படலையைச் சாத்தினார்.

சாவகச்சேரிக்கு அப்பால் உறவினர் வீடொன்றின் தாழ்வாரத்தில் அந்த மாரி கழிந்தது. அவ்வீட்டார் தமது ஒடியலை இடித்து எமக்கும் கூழ் காய்ச்சித் தந்தனர். முப்பது பேருக்கு ஒரு பானை. அதற்கு இணையான கூழை நாம் பின்னர் குடித்ததில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் அதிற் புளி கூடிவிட்டது. அம்மாவும் அதனைக் கவனித்தார். ஆனால் அன்று அவர் வாய் திறக்கவில்லை.

1996 மே மாதத்தில் ஊருக்குத் திரும்பினோம். கூரையில் ஒரு பகுதி இல்லை. கிணற்றிற் பாசி மூடியிருந்தது. பின்வளவிற் புல் இடுப்பளவுக்கு நின்றது. அதன் நடுவே, வரிசை பிசகாமற் பச்சைக் குருத்துகள் கத்தி முனைபோல் எழுந்து நின்றன. கிண்டாமல் விட்ட பாத்தி முளைத்துவிட்டது. குருத்து விட்ட கிழங்கு நாரோடிப்போம், தின்ன உதவாது. தந்தையார் மண்வெட்டியை எடுத்தார். அம்மா, மூன்றை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, தந்தையாரும் கேட்கவில்லை.

மூன்றில் ஒன்று பட்டுப்போயிற்று. மற்றை இரண்டும் வடலியாகிப் பனையாயின. பனை ஆணா பெண்ணா என்பது பாளை வந்த பின்னர்தான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு வரை செல்லும். ஒன்று ஆண்பனை. மற்றது 2014ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காய்த்தது. அந்தச் செய்தியைக் கேட்கத் தந்தையார் இருக்கவில்லை.

அப்பனையின் பழத்திற் சுட்ட பணியாரம் அனுப்பினாற் பழுதாகிவிடும். ஒடியல் மா கெடாது. ஆகவே ஆண்டுதோறும் ஒரு பொதி, ரொறன்ரோவில் வாழும் எமது தங்கைக்குப் போகின்றது. அங்கே அவள் வீட்டு முற்றத்தில் மேப்பிள் இலை குவியும் நாட்களில், குளிரூட்டியில் உறைந்த நண்டை வாங்கி, அவள் கூழ் காய்ச்சுகின்றாள். அளவு அவளுக்கும் தெரியாது. பானை நிறைந்துவிடுகின்றது, பொட்டு வைத்த வேலி அங்கே இல்லையாதலால், அடுக்குமாடியிலுள்ள தமிழ்க் குடும்பங்களைத் தொலைபேசியில் அழைக்கின்றாள். அவளுடைய பிள்ளைகள் உறைப்புக்கு அழுதுகொண்டே இன்னும் கேட்பதாகச் சொல்கின்றாள். புரட்டாசி பிறந்தால் எம்மிடம் அவள் முதலிற் கேட்பது, "அண்ணா, பாத்தி போட்டாச்சோ?" என்பதே. சுகம் விசாரிப்பது அதன் பின்னர்தான்.

வகுப்பிற் கேள்வி கேட்ட அந்த மாணவனை இவ்வாண்டு பாத்தி போடும் நாளில் வீட்டுக்கு வரச் சொன்னோம். தோழர் இருவருடன் வந்தான். கொட்டை அடுக்குவதிற் கெட்டிக்காரனாயிருந்தான். ஆயின் நெருக்கம் போதாதென்று அம்மா திண்ணையில் இருந்தபடியே இருமுறை திருத்தினார். முந்நூற்றுச் சொச்சம் கொட்டைகள். பணியாரமும் மல்லிக் கோப்பியும் முடித்துப் பையன்கள் சைக்கிளில் ஏறும்பொழுது வானம் இருண்டுவிட்டது. நனையாமற் போய்ச் சேரும்படி நாம் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா பொல்லை ஊன்றி எழுந்து பின்வளவுப் பக்கம் மெல்ல நடந்தார்.