கண்ணாடி முன் ஒரு தலைப்பாகை

கேரள மாநிலத்தின் தென்கோடியில் பாறசாலை என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து தெற்கே சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை வரும்; அது தமிழ்நாடு. வடக்கே சென்றால் நெய்யாற்றின்கரை. காலை வேளையில் இச்சாலையோரம் பேருந்துக்காக நிற்பவர்களை நோக்கினால், தமிழர் யார், மலையாளி யார் எனக் கண்ணால் பிரித்தறிய இயலாது. இருசாராரும் வேட்டி உடுத்துகின்றனர். இருசாரார் வீட்டிலும் மரச்சீனிக் கிழங்கும் மீனும் உணவாகின்றன. பேசத் தொடங்கிய பின்னும் ஐயம் முற்றிலும் தீர்வதில்லை. ஒரே வாயில் இரு மொழிகளும் கலந்து வரும். 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டன. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இவை யாவும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாட்டுப் பகுதிகள்.

இன்று தோற்றத்தால் ஒருவரை இன்னார் எனக் கூற முடியாத இதே நிலத்தில், 19ஆம் நூற்றாண்டில் நிலைமை நேர்மாறாக இருந்தது. தொலைவில் ஒருவர் வரும்போதே அவர் எக்குலத்தவர் என்பது தெரிந்துவிடும். தெரிய வேண்டும் என்பதே வழக்கமாகவும் சட்டமாகவும் இருந்தது. நாடார், ஈழவர், புலையர் முதலிய மக்கள் தோளில் மேலாடை அணியக்கூடாது; பொன்னகை பூணக்கூடாது; குடை பிடிக்கக்கூடாது; செருப்பு அணியக்கூடாது. நாடார் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லவும் தடை இருந்தது. தலையில்தான் சுமக்க வேண்டும். உடை மட்டுமன்றி, குடம் சுமக்கும் விதமும் ஒருவரின் நிலையைக் காட்ட வேண்டியிருந்தது.

இத்தடையை எதிர்த்து எழுந்ததே தோள்சீலைப் போராட்டம். கிறித்தவ சமயத்தைத் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று, திவானாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் ஆணை பிறந்தது. ஆயினும் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் இட்டனர். சந்தைகளில் அவர்கள் தாக்கப்பட்டனர், ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829இல் வெளிவந்த அரசாணை தோள்சீலையைத் தடுத்தது. போராட்டம் விட்டுவிட்டுத் தொடர்ந்து, இறுதியில் 1859 ஜூலை 26 அன்று, உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில், நாடார் பெண்கள் அனைவரும் மேலாடை அணியலாம் என்ற ஆணை பிறப்பிக்கப்பட்டது.

அந்த ஆணையிலும் ஒரு நிபந்தனை இருந்தது. சட்டை அணியலாம், முரட்டுத் துணியால் உடலை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது. ஆட்சியாளரின் கவலை எது என்பதை இந்நிபந்தனை வெளிப்படையாகவே காட்டுகிறது. துணி அன்று, வேறுபாடு மறைந்துவிடுமோ என்பதே அவர்களின் அச்சம். இருவருக்குமிடையே பிறப்பிலேயே உண்மையான வேற்றுமை இருக்குமானால், ஒரு முழத் துணி அதனை எவ்வாறு அழித்துவிடும்? இக்கேள்வியை அன்று உரக்கக் கேட்டவர் சிலரே. ஆயினும் சீலையைத் தோளில் இட்ட ஒவ்வொரு பெண்ணும் அதனைக் கேட்டவரே.

புறத்தோற்றம் பொருட்டன்று, உள்ளமே பெரிது என்று கூறுவது எளிது. தோளில் சீலையின்றி நடக்குமாறு கட்டளையிடப்பட்டவரிடம் அவ்வாறு கூறுவது பொருந்தாது. அவர்களுக்குத் தோற்றம் பெரும்பொருளாகவே இருந்தது. தம் உடல் எவ்வாறு காணப்பட வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்வதையே அவர்கள் ஏற்க மறுத்தனர்.

இதே காலத்தில் தென் திருவிதாங்கூரில் சாமித்தோப்பு என்னும் ஊரில் வாழ்ந்தவர் அய்யா வைகுண்டர் (1809–1851). அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. அவர் வழி வந்த பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் இன்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபடுகின்றனர். பிற கோயில்களுக்குச் சென்று பழகியவர்க்கு இது வியப்பளிக்கலாம். மேலோர் முன்னிலையில் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கப் பழக்கப்பட்ட மக்கள், அதே துணியைத் தலையில் கட்டி நிமிர்ந்து நின்றனர். துணி மாறவில்லை, அது கட்டப்படும் இடம் மாறியது.

அவ்விடங்களில் கருவறையாகிய பள்ளியறையினுள் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. வழிபட வருபவர் எதிரே காண்பது தம் முகத்தையே. இறைவன் மனிதனுக்குள் உறைகின்றான் என்பதே இதன் பொருள் எனக் கூறுவர். கண்ணாடி புறத்தை மட்டுமே காட்டும் பொருள். அது எவ்வாறு அகத்தைக் காட்டும் என வினவலாம். அது வேறொரு முகத்தைக் காட்டவில்லை என்பதே இங்குச் சிறப்பு. சந்தையில் இகழப்பட்ட அதே முகம், அதே கருநிறம், தலைப்பாகையுடன் வணங்கத்தக்க இடத்தில் தெரிகிறது.

நெய்யாற்றின்கரைக்கு மேற்கே வெங்ஙானூரில் பிறந்தவர் அய்யன்காளி (1863–1941). புலையர் நடக்கவும் தடை செய்யப்பட்டிருந்த பொதுச்சாலையில், 1893இல் அவர் வெள்ளை வேட்டியும் மேற்சட்டையும் தலைப்பாகையும் அணிந்து வில்வண்டியில் சென்றார். உருவம் கண்டு எவரையும் இகழலாகாது என்ற திருவள்ளுவர், பெருந்தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியை அதற்குச் சான்றாகக் காட்டினார். அய்யன்காளியின் வண்டி ஓடியபோது சாலையில் நின்றவர்கள் அச்சாணியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர்களைச் சினமூட்டியது தலைப்பாகைதான்.

சில வேளைகளில் அணிவதைவிடக் களைவதே தேவையாயிற்று. புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்மாலை அணிய வேண்டும் என்பது வழக்கம். அது அழகுக்கான அணியன்று. சாதியைக் காட்டும் குறி. 1915இல் கொல்லத்தில் நடந்த கூட்டத்தில் பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தனர். ஒரு தலைமுறை போராடி ஆடையைப் பெற்றது. மற்றொன்று போராடி அணியைத் துறந்தது. இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள்.

நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில், 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, ஸ்ரீ நாராயண குரு நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவினார். ஈழவர் குலத்தில் பிறந்தவர் கோயில் நிறுவக்கூடாது என்றிருந்த காலம் அது. எந்தச் சிற்பியும் செதுக்காத ஆற்றுக்கல் அது. அதற்கு உருவம் என எதுவும் இல்லை. வணங்குவோருக்கு அது குறையாகவும் தோன்றவில்லை. மலையாளத்திலும் வடமொழியிலும் நூல்கள் இயற்றிய குரு, தமிழிலும் பாடல்கள் இயற்றியவர் என்பது பலர் அறியாத செய்தி.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1927இல், சேர்த்தலைக்கு அருகிலுள்ள களவங்கோட்டில் கோயில் ஒன்றை நிறுவ குரு அழைக்கப்பட்டார். அங்கு அவர் கல்லையும் வைக்கவில்லை. நிலைக்கண்ணாடி ஒன்றில் ‘ஓம்’ என்னும் எழுத்தை அமைத்து அதனையே நிறுவினார். அக்கோயிலுக்கு வருபவர், பாறசாலையிலிருந்து வந்தாலும் தில்லியிலிருந்து வந்தாலும், எழுத்துக்குப் பின்னே தம் முகத்தைக் காண்கின்றனர். புதிய ஊரில், புதிய வகுப்பறையில், நிறத்தையும் நெற்றிக் குறியையும் எண்ணெய் வைத்துப் பின்னிய சடையையும் கொண்டு முதல் நாளிலேயே ‘இன்னார்’ என முடிவு கட்டப்பட்ட பிள்ளையின் முகமும் அக்கண்ணாடியில் உள்ளபடியே தெரியும்.