கீஸர் மக்கர் பண்ணினால்...

மார்கழி பிறந்துவிட்டது என்று நம் வீட்டுக் கீஸருக்கு எப்படித்தான் தெரியுமோ! வருஷம் பூராவும் ஒழுங்காக இருந்துவிட்டு, குழந்தைக்கு ஜலதோஷம், மாமியாருக்கு மூட்டுவலி என்று வீடே வெந்நீரை நம்பியிருக்கும் வாரத்தில்தான் படுத்துக்கொள்ளும். மெக்கானிக்குக்குப் போன் போடுகிறோம். அவர் வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "டாங்க் போயிடுச்சும்மா, புதுசா வாங்கிடுங்க" என்கிறார். நாமும் தலையாட்டி விடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! டாங்க் போவது வேறு, காயில் போவது வேறு. டாங்க்கிலேயே ஓட்டை என்றால் புதிது வாங்கத்தான் வேண்டும். மற்றதெல்லாம் பெரும்பாலும் சில நூறு ரூபாயிலிருந்து ஒன்றிரண்டாயிரத்துக்குள் அடங்குகிற வேலை. நாம் ஸ்குரூ டிரைவரைத் தொடவே வேண்டாம். என்ன போயிருக்கிறது என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

கீஸருக்குள் அப்படியொன்றும் பெரிய மர்மம் இல்லை. தண்ணீர் நிற்க ஒரு டாங்க், அதைச் சூடாக்க ஒரு காயில், போதுமான சூடு வந்ததும் கரண்டை நிறுத்தத் தெர்மோஸ்டாட். அது வேலை செய்யாவிட்டால் காப்பாற்றக் கட்-அவுட். அதுவும் கைவிட்டால் உள்ளே சேருகிற அழுத்தத்தை வெளியே விட ஒரு ஸேஃப்டி வால்வ். இவை தவிர, ஆனோடு ராடு என்று மெக்னீஷியத்தில் ஒரு குச்சி. டாங்க்கை அரிக்க வருகிற துருவுக்கு இது தன்னைக் கொடுத்து டாங்க்கைக் காப்பாற்றும். வீட்டுக்கு மூத்த மருமகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இந்தக் குச்சி முழுக்கக் கரைந்து போனபின்தான் டாங்க் அரிக்க ஆரம்பிக்கும். இதைப் பற்றி நம்மிடம் யாரும் சொல்வதேயில்லை.

கீஸருக்கு முதல் எதிரி நம் வீட்டுத் தண்ணீர்தான். கோயமுத்தூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் சிறுவாணித் தண்ணீர். பதினாலு வருஷமாகப் பழைய கீஸர் ஓடுகிறது, காயில்கூட மாற்றவில்லை. எங்களுக்குச் சென்னையில் போர்வெல் தண்ணீர். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் காயிலின் மேலும் ஓடுபோல் கட்டிக்கொள்ளும். சூடு ஏற ஏற இந்தப் படிவும் அதிகமாகும். ஓடு கட்டிய காயிலின் சூடு சுலபமாகத் தண்ணீருக்குப் போகாது. காயில் தானே காய்ந்து காய்ந்து, ஒரு நாள் வெடித்துவிடும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, எங்கள் ஃபிளாட்டில் மாதக்கணக்காக லாரித் தண்ணீர்தான். அடுத்த குளிர்காலத்தில் எங்கள் மாடியில் மட்டும் மூன்று வீட்டில் காயில் போயிற்று.

ஆகவே உப்புத் தண்ணீர் வீடுகளில் வருஷம் ஒரு தரம், மழைக்காலத்துக்கு முன்பே, கீஸரைத் திறந்து உப்பைச் சுரண்டச் சொல்லுங்கள். அப்போதே ஆனோடு ராடையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பென்சில் மாதிரி மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். சூடு வைக்கும் திருகை உச்சியில் வைக்காமல் நடுவில் வைத்தால் உப்பும் குறையும், கரண்டும் மிஞ்சும்.

இனி ஒழுகல் விஷயம். போன வருஷம் எங்கள் கீஸரில் தண்ணீர் சூடேறவில்லை. அடியில் சொட்டவும் செய்தது. கம்பெனி ஆள் வந்தார், திறந்துகூடப் பார்க்கவில்லை. "டாங்க் ஓட்டைம்மா. புதுசு ஒம்பதாயிரத்து ஐநூறு ஆகும். பழசுக்கு ஐநூறு கழிச்சுக்கலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மெயினை அணைத்து, கீஸரின் அடிப்பாகத்தைத் துணியால் நன்றாகத் துடைத்தேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், காயில் மாட்டியிருக்கும் வட்டத் தகட்டின் ஓரத்தில் மட்டும் ஈரம். ஓட்டை டாங்க்கில் இல்லை, தகட்டுக்கு உள்ளே இருக்கும் ரப்பர் காஸ்கெட்டில்!

எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து கழற்றினார். காயில் வெந்த சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தது. புதுக் காயில் 850, ஆனோடு ராடு 350, காஸ்கெட் 80, கூலி 400. ஆக 1,680 ரூபாயோடு முடிந்தது. (ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், இது எங்கள் வீட்டுக் கணக்கு.)

ஒழுகுகிற இடத்தைப் பாருங்கள் என்பது இதற்காகத்தான். குழாய் இணைப்பில் சொட்டினால் பிளம்பர் வேலை. தகட்டின் ஓரம் என்றால் காஸ்கெட். மேல்கூட்டின் மூட்டிலிருந்து கசிந்து, வெந்நீரும் செம்மண் நிறத்தில் வந்தால் டாங்க் என்று சந்தேகப்படலாம். ஸேஃப்டி வால்விலிருந்து சூடேறும்போது மட்டும் நாலு சொட்டு விழுந்தால் அது கோளாறே இல்லை. தண்ணீர் சூடானால் விரியும். விரிந்தது வெளியே வரத்தானே வேண்டும்? இந்தச் சொட்டு பொறுக்காமல் அந்த வாயை அடைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். குக்கரின் வெயிட்டையும் வால்வையும் அடைத்துவிட்டு அடுப்பில் வைத்தால் எப்படியோ, இதுவும் அப்படித்தான்.

அடுத்த ஃபிளாட்டுப் பெண்ணுக்கு எட்டு மாதக் குழந்தை. அவள் கீஸரில் தெர்மோஸ்டாட் போய்விட்டது. வந்த மெக்கானிக், "பார்ட்ஸ் வர நாலு நாளாகும்மா. இப்போதைக்கு டைரக்டா குடுத்துடறேன், நீங்களே பார்த்து ஆஃப் பண்ணிக்குங்க" என்றார். குழந்தை அழுகிறது, வெந்நீர் வேண்டும், அவளும் சரியென்று சொல்லப் போனாள். நான் அங்கேதான் இருந்தேன். "வேண்டாம் தம்பி, நாலு நாள் அடுப்பிலே வெந்நீர் போட்டுக்கட்டும்" என்றேன். அவருக்கு என் மேல் கோபம்தான்.

டைரக்டாகக் கொடுப்பதென்றால் என்ன தெரியுமா? சூடு போதும் என்று சொல்ல உள்ளே ஆளே இல்லை என்று அர்த்தம். கைக்குழந்தைக்காரி ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தாலாட்டப் போனால் மறக்காமல் இருப்பாளா? தண்ணீர் கொதிக்கும். உப்பு அடைத்த வால்வாக இருந்தால் டாங்க்கே வெடிக்கக்கூடும். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைத் தோல் இன்னும் மெல்லிசு. பாப்பாவுக்கு எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர் என்று விளாவுங்கள். முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று: கீஸரைப் போட்டாலே வீட்டில் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிறதா? அதைத் தொந்தரவு என்று நினைத்துக் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். காயில் வெடித்துக் கரண்டு தண்ணீரில் இறங்குகிறது என்று அது சொல்லுகிறது. எர்த்தும் இல்லாத பழைய வீடானால் ஷவரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். எர்த் சரியாக இருக்கிறதா, 16 ஆம்பியர் பிளக்தானா, வொயர் தடிமன் போதுமா என்று ரிப்பேருக்கு வந்தவரையே பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்கலாம். குளிக்கப் போகுமுன் ஸ்விட்சை அணைத்துவிடுவது நல்ல வழக்கம். காஸ் கீஸர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது தனி: காற்றோட்டமில்லாத பாத்ரூமில் அது எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, ஆளை மயக்கி உயிரையே எடுத்துவிடும். அதைக் கம்பெனி ஆள்தான் தொட வேண்டும்.

ரிப்பேரா, புதிதா? வாரண்டி அட்டையை முதலில் தேடுங்கள். டாங்க்குக்கு ஒரு கெடு, காயிலுக்கு ஒரு கெடு என்று தனித்தனியாக இருக்கும். மொத்த வாரண்டி முடிந்தாலும் டாங்க்குக்கு இன்னும் பாக்கி இருக்கலாம். பத்து வருஷம் தாண்டியது, இரண்டு வருஷத்தில் மூன்று தரம் ரிப்பேர், அல்லது கேட்கிற தொகை புதிதின் விலையில் பாதி என்றால் நான் புதிதுதான் வாங்குவேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியும் பார்த்து வாங்குங்கள். கரண்டுக் கணக்கு சுலபம்: 2 கிலோவாட் கீஸர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். 15 லிட்டர் தண்ணீர் நம் ஊர்க் குளிரில் 60 டிகிரிக்கு வர இருபது நிமிஷத்துக்குள் ஆகிவிடும். நாலு பேர் அடுத்தடுத்துக் குளிக்கிற வீட்டுக்கு 25 லிட்டர் சௌகரியம்.

ரிப்பேர் முடிந்ததும் பழைய காயிலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிஜமாகவே மாற்றினாரா என்பதற்கு அதுதான் அத்தாட்சி. புதிது மாட்ட வருகிறவர், "பழசை நானே எடுத்துட்டுப் போயிடறேம்மா, உங்களுக்கு எதுக்கு அடைசல்" என்று ரொம்பக் கரிசனமாகச் சொன்னால், டாங்க் என்ன உலோகம் என்று பாருங்கள். பழைய கீஸர்களில் சில செம்பு டாங்க். காயலான் கடைக்காரர் அதை எடை போட்டுத்தான் வாங்குவார்!