முழு அளவில் ஒரு வீடு

வீடும் உடம்பும் – 11

ஓவியக் கண்காட்சிக்குப் போனால் ஓவியத்தையே பார்க்கலாம். சிற்பக் கண்காட்சியில் சிற்பமே இருக்கும். கட்டடக்கலைக் கண்காட்சியில் மட்டும் கட்டடம் இருக்காது. வரைபடமும் புகைப்படமும் அட்டையில் செய்த சின்ன மாதிரியும்தான் இருக்கும். கண்ணுக்கு அது போதும். ஆனால் அந்த அறைக்குள் காற்று வருமா, தரை காலுக்குச் சில்லென்று இருக்குமா, பேசினால் எதிரொலிக்குமா? உடம்புக்கு எதுவும் தெரியாது. வீட்டில் வாழப்போவதோ உடம்பு.

இந்தக் குறையை நேராக எதிர்கொண்டவர் அனுபமா குண்டு. புனேயில் பிறந்து, 1990 முதல் புதுச்சேரி அருகே ஆரோவில்லில் கட்டடம் கட்டிப் பழகியவர். அங்கே தனக்கென்று கட்டிக்கொண்ட ‘வால் ஹவுஸ்’ வீட்டை, 2012 வெனிஸ் கட்டடக்கலை பினாலே கண்காட்சியில், பழைய கப்பல் கட்டுந்தளமான அர்செனாலேக்குள், அளவு குறைக்காமல் எழுப்பிக் காட்டினார். இந்தியாவிலிருந்து போன கைவினைஞர்களும் ஆஸ்திரேலிய, வெனிஸ் மாணவர்களும் சேர்ந்து கட்டினார்கள்.

2000-ல் முடிந்த அந்த வீட்டின் நீண்ட கூடத்துக்கு அகலம் 2.2 மீட்டர்தான், ஏழு அடிக்குக் கொஞ்சம் கூடுதல். தாளில் பார்த்தால் ஒடுக்கமாகத் தோன்றும். ஆனால் குறுக்கே காற்று ஓட அந்த அகலமே வசதி. தலைக்கு மேலே கூரை உயர்ந்து வளைகிறது. சுவரில் அச்சுக்கல் என்னும் மெல்லிய நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே பூச்சு இல்லாததால் கல்லின் சொரசொரப்பு நேரே விரலுக்குக் கிடைக்கிறது. வளைகூரையில் இருப்பவை சுடுமண் குழாய்கள். அவற்றுக்குள் அடைபட்ட காற்று வெயிலின் சூட்டைச் சட்டென்று கீழே விடாது. இதையெல்லாம் எந்தப் புகைப்படமும் சொல்லாது.

2014-ல் லண்டன் ராயல் அகாடமியில் நடந்த ‘சென்சிங் ஸ்பேசஸ்’ கண்காட்சியும் இதே வழியில் போனது. ஜப்பானின் கெங்கோ குமா, மெல்லிய மூங்கில் குச்சிகளால் பின்னிய வடிவங்களை இருண்ட அறைகளில் வைத்து, அவற்றில் மரத்தின் வாசனையையும் பாயின் வாசனையையும் ஏற்றினார். புர்கினா ஃபாசோவில் பிறந்த பிரான்சிஸ் கெரே அமைத்த குகைவழியில், வந்தவர்கள் வண்ணக் குழல்களைச் செருகி அதன் உருவத்தையே மாற்றினார்கள். பெசோ வான் எல்ரிக்ஸ்ஹவுசன் இணையரோ, பருத்த மரத்தூண்களுக்குள் படிக்கட்டு வைத்து, அந்தப் பழைய மண்டபத்தின் விதானத்துக்கு அருகே ஆட்களை ஏற்றிவிட்டார்கள்.

ஆரோவில் நமக்குத் தூரமில்லை. நம் ஊத்தங்கரை வழியாகப் போகும் கிருஷ்ணகிரிச் சாலைதான் செங்கம், திருவண்ணாமலை, திண்டிவனம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் ஓசூர் ஆலைகளில் உழைத்துச் சேர்த்த பணத்தில் நம் பக்கம் எழும் வீடுகள் பல, போனில் பார்த்த எலிவேஷன் படத்திலிருந்துதான் தொடங்குகின்றன. முகப்பும் பெயின்ட்டும் முடிவான பிறகுதான் ஜன்னல் எந்தத் திசையில் என்ற பேச்சே வருகிறது. கடன் வாங்கிக் கட்டிய மாடி அறையில் சித்திரை மாதம் படுக்க முடிவதில்லை. உழைத்தவருக்கு இது பெரிய அநியாயம்.

இதைத் தவிர்க்க வெனிஸ் போக வேண்டாம். கடைக்கால் தோண்டுமுன் மேஸ்திரி நூல் பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் மனையில் கோடு போடுகிறாரே, அதுவே முழு அளவு வரைபடம். உடனே மண்ணை வெட்டாமல் இரண்டு நாள் பொறுங்கள். உச்சி வெயிலில் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை அந்தக் கோட்டுக்குள் நில்லுங்கள். கட்டில் வரும் இடத்தில் பாய் விரித்துப் படுத்துப் பாருங்கள். சமைக்கப் போகிறவர் சமையற்கட்டுக் கோட்டுக்குள் நின்று குனிந்து நிமிரட்டும். வீட்டுப் பெரியவர் படுக்கும் இடத்திலிருந்து குளியலறை வரை நடக்கட்டும். மேற்கு வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டு, “அண்ணே, இந்த ஜன்னலைத் தள்ளிப் போடுங்க” என்று மேஸ்திரியிடம் தயங்காமல் சொல்லுங்கள். கோட்டை மாற்ற ஒரு கூடைச் சுண்ணாம்புப் பொடி போதும். சுவரை மாற்ற இடிக்கத்தான் வேண்டும்.

(அடுத்த வாரம்: சுண்ணாம்புக் காரைச் சுவர்)