48 மணி நேரமும் நான்கு சாம்பல் நிறங்களும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பையன் என்னுடைய லேப்டாப்பில் மினிகிராஃப்ட் விளையாடிக்கொண்டிருந்தான். எழுத்துப்பிழை இல்லை. மைன்கிராஃப்ட் வேறு, இது மினிகிராஃப்ட். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி கட்டம் கட்டமாகப் புல், மரம், தண்ணீர், நடுவில் கோலிக்குண்டு சைஸில் ஒரு மனிதன். ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "அப்பா, இது நீங்க சின்னப் பையனா இருக்கும்போது வந்த கேமா?" என்று கேட்டான். இல்லடா, 2011 என்றேன். "அப்ப ஏன் இவ்ளோ பழசா இருக்கு?"

பழைய ஞாபகத்துக்காக அப்படிச் செய்வார்கள் என்று ஏதோ சொல்லி வைத்தேன். ராத்திரி படுத்தபிறகுதான் அது பாதிப் பதில்கூட இல்லை என்று தோன்றியது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

லூடம் டேர் என்று ஒரு போட்டி. லத்தீனில் 'விளையாட்டைக் கொடு' என்கிற மாதிரிப் பொருள். 2002-இல் ஜெஃப் ஹௌலண்ட் ஆரம்பித்தது. எல்லோரும் ஓட்டுப்போட்டு ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். தலைப்பு வெளியானதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதன் கடுமையான பிரிவில் 48 மணி நேரம், ஒரே ஆள். நிரல், படம், ஒலி எல்லாமே அந்த நேரத்துக்குள் அவரே செய்ததாக இருக்கவேண்டும். கடைசியில் மூலநிரலையும் பொதுவில் வைத்துவிட வேண்டும். பரிசுப்பணம் ஒன்றும் கிடையாது. மதிப்பெண் போடுவதும் கூடப் போட்டியிட்டவர்கள்தான்.

2011 டிசம்பரில் நடந்த 22-ஆவது போட்டியின் தலைப்பு 'தனிமை'. மைன்கிராஃப்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன் அதில் கலந்துகொண்டார். மைன்கிராஃப்டின் முழுப் பதிப்பு வெளியாகி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உலகமே பேசிக்கொண்டிருந்த ஒரு கேமின் முதலாளி, சனி ஞாயிறில் தனியாக உட்கார்ந்து ஜாவாவில் செய்ததுதான் மினிகிராஃப்ட்.

அதன் மூலநிரலை ஒருமுறை பொறுமையாகப் படித்திருக்கிறேன். நான் ஞாபகம், ஏக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் பின்னால் வெறும் கணக்குதான் இருந்தது.

திரை 160-க்கு 120 புள்ளிகள். அதை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறார். படங்கள் எல்லாம் ஒரே கோப்பில், 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக இருக்கின்றன. ஒரு கட்டத்துக்கு 64 புள்ளிகள். பத்து மடங்கு அழகாக இருக்கட்டும் என்று 64-க்கு 64 புள்ளியில் ஒரு மிருகம் வரைய ஆரம்பித்தால் 4096 புள்ளிகளுக்கு முடிவெடுக்க வேண்டும். எனக்கு ஓவியம் வராது. இருந்தாலும் 8-க்கு 8 கட்டத்தில் ஐந்து நிமிடத்தில் ஒரு எலியைக் கொண்டுவந்துவிட முடிகிறது. 64-க்கு 64-இல் நான் போட்டால் சாயங்காலம் ஆகும், அப்போதும் அது எலியாக இருக்காது.

நிறத்தில் செய்திருப்பது இன்னும் சுவாரசியம். அந்தப் படக்கோப்பில் நிறமே கிடையாது. நான்கு சாம்பல் அளவுகள் மட்டும். திரையில் வரைகிற நேரத்தில் ஒவ்வொரு சாம்பலுக்கும் ஒரு நிறத்தைக் கொடுக்கிறார். நிறத்தை மூன்று இலக்க எண்ணாக எழுதுகிறார்: முதல் இலக்கம் சிவப்பு, அடுத்தது பச்சை, மூன்றாவது நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 5 வரை. ஆக மொத்தம் 6×6×6, அதாவது 216 நிறங்கள். 252 என்றால் பச்சை, 522 என்றால் சிவப்பு, 555 வெள்ளை, -1 என்றால் அந்த இடம் கண்ணாடி மாதிரி.

இப்போது அந்தக் கொழகொழ ஸ்லைம் எதிரியைப் பாருங்கள். முதல் நிலையில் பச்சை ஸ்லைம். அடுத்த நிலையில் அதே படம், 252-க்குப் பதில் 522. புதிதாக ஒரு சிவப்பு எதிரி ரெடி! அதற்கடுத்து சாம்பல், பிறகு கறுப்பு. நான்கு எதிரிகள், ஒரே ஓவியம், மாறியது சில எண்கள். அந்தக் குட்டி மனிதன் மேலே கீழே நடக்கும்போது கால் மாற்றி வைப்பதும் இப்படித்தான். ஒரே படத்தை இடவலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

இதே தந்திரத்தை 1985-இல் சூப்பர் மரியோவில் பார்க்கலாம். மேலே மிதக்கிற மேகமும் கீழே இருக்கிற புதரும் ஒரே உருவம். மேகம் வெள்ளை, புதர் பச்சை. அந்த நிண்டெண்டோ இயந்திரத்தில் ஒரு கட்டத்துக்குப் பின்னணி நிறம் போக மூன்று நிறங்கள்தான். மொத்த கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டும். அதனால் ஒன்றையே இரண்டாகக் காட்டினார்கள்.

2011-இல் பெர்சனுக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒன்றரைக் கோடி நிறங்களுக்கு மேல் இருந்தன, நினைவகம் கொட்டிக் கிடந்தது. அவரிடம் இல்லாதது நேரம். 1985-இல் பைட்டுக்குப் பஞ்சம், இவருக்கு மணிக்குப் பஞ்சம். இரண்டு பஞ்சத்துக்கும் ஒரே சமையல் ஒத்துவந்தது. அதனால்தான் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. (எல்லா ரெட்ரோவுக்கும் இது பொருந்தாது. பளபளவென்று 3டியில் செய்துவிட்டு மேலே பழைய டிவிக் கோடுகளைப் போடுகிறவர்களும் உண்டு. அது மாறுவேடப் போட்டி.)

ஒலியிலும் இதே கதைதான். 2007 டிசம்பரில் நடந்த 10-ஆவது லூடம் டேருக்காக தோமஸ் பெட்டர்சன் என்பவர் எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்று ஒரு சின்னக் கருவி எழுதினார். காசு எடுக்கிற சத்தம், குதிக்கிற சத்தம், வெடிச் சத்தம் என்று தனித்தனிப் பொத்தான்கள். அழுத்தினால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சத்தம் வரும், பிடித்ததைச் சேமித்துக்கொள்ளலாம். இசைக்கருவி எதுவும் தெரியாத நிரலாளருக்கு ஐந்து நிமிடத்தில் ஒலி வேலை முடிந்தது. அப்புறம் எத்தனையோ போட்டி கேம்களில் அந்தக் 'கிளிங்' சத்தத்தைக் கேட்டாயிற்று.

இதெல்லாம் எனக்கு எப்படி உறைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், கொஞ்சம் வெட்கம்தான். இரண்டு வருடம் முன்னால் ஒரு நீண்ட வார இறுதியில், போட்டியில் எல்லாம் சேராமல், வீட்டிலேயே கடிகாரம் வைத்துக்கொண்டு அதே 'தனிமை' தலைப்பில் முயன்றேன். காலிக் கட்டடத்தில் டார்ச் லைட்டோடு சுற்றிவரும் இரவுக் காவலாளி. இருபது வருடத்துக்கு மேல் சாஃப்ட்வேர் எழுதுகிறவன், இதென்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன்.

48 மணி நேரம் முடிந்தபோது என்னிடம் இருந்தவை: கட்டடத்தின் வரைபடத்தை மாற்றியமைக்க அருமையான ஒரு எடிட்டர், எந்த கேமுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு இஞ்சின், அதற்குச் சோதனை நிரல்கள். காவலாளி ஒரு அடி நகரவில்லை. 'பின்னாடி தேவைப்படும்' என்று எழுதி எழுதியே இரண்டு நாளும் போய்விட்டது. ஆபீஸில் இதற்குப் பாராட்டு கிடைக்கும். இங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி, 'இது இல்லாமல் ஆட முடியுமா?' என்பதுதான். அதை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அப்புறம்தான் மினிகிராஃப்ட் நிரலைத் திறந்தேன். ஆபீஸ் ரிவ்யூவில் நான் சிவப்பாகக் கோடு போடுகிற பல விஷயங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அது ஓடுகிறது.

படிக்க முடிந்ததே அந்த மூலநிரல் விதியால்தான். அந்தக் காலத்துப் போட்டி கேம்கள் நிறைய ஃபிளாஷிலோ ஜாவா ஆப்லெட்டாகவோ பிரவுசருக்குள் ஓடின. 2015-இல் குரோம் ஆப்லெட்டுகளை ஓட்டுவதை நிறுத்தியது. 2020 இறுதியோடு ஃபிளாஷுக்கு அடோபி விடைகொடுத்தது. அன்றைய சுட்டிகளை இன்று சொடுக்கினால் பல இடங்களில் வெற்றுச் சதுரம்தான். 40 வருடப் பழைய மரியோ ஓடுகிறது, பத்துப் பதினைந்து வருடப் பழைய கேம் ஓடவில்லை! மினிகிராஃப்டின் மூலநிரல் வெளியில் இருந்ததால் வேறு ஆட்கள் எடுத்து மாற்றினார்கள், வளர்த்தார்கள். மினிகிராஃப்ட் பிளஸ் என்று ஒரு கிளையே உண்டு. என் பையன் ஆடியதும் அந்த நிரலிலிருந்து நான் தொகுத்ததுதான்.

இந்த வருடம் இரவுக் காவலாளியை மறுபடி எடுத்தேன். 160-க்கு 120 திரை, 8-க்கு 8 கட்டம், மொத்தம் 11 படங்கள், எடிட்டர் கிடையாது. ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு முடிந்தது. சுவருக்குள் சில இடங்களில் நடந்து போய்விடலாம், அதைச் சரிசெய்ய நேரமில்லை. பையனிடம் கொடுத்தேன். நான்கு நிமிடம் ஆடினான்.

"இந்தச் சிவப்பு எலியும் அந்தச் சாம்பல் எலியும் ஒரே எலிதானே?" என்றான்.