வரைபட அடுக்குகளும் பொதுத் தரவு இணைப்பும்

நிலவரைபட மென்பொருளில் அடுக்கு என்பது பெரும்பாலும் தரவைத் தன்னுள் கொண்டிருப்பதில்லை. தரவு இருக்குமிடத்தின் முகவரியையே கொண்டிருக்கிறது. இதனை உணராமையே பல சிக்கல்களுக்குக் காரணமாகிறது.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளை வரைபடமாக்கும் ஆய்வுக்குழு ஒன்றைச் சான்றாகக் கொள்வோம். பள்ளி, தோட்ட எல்லை, சாலை என முப்பது அடுக்குகளை அக்குழு போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்திலிருந்து பெறுகிறது. கியூஜிஐஎஸ் மென்பொருளின் திட்டக்கோப்பு ஒவ்வோர் அடுக்குக்கும் வழங்கியின் முகவரியைத் தனித்தனியே பதிந்துகொள்ளும். வழங்கி மாறினால் முப்பது இணைப்புகளும் ஒருசேர அறும். கடவுச்சொல்லையும் இணைப்போடு சேமித்திருந்தால் அது திட்டக்கோப்பில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுவிடும். கோப்பைப் பெறும் எவரும் அதனைப் படிக்கலாம்.

இதற்குரிய தீர்வு போஸ்ட்கிரெஸ் முறைமையின் சேவைக்கோப்பு ஆகும். வழங்கியின் முகவரி, போர்ட் எண், தரவுத்தளப் பெயர் ஆகியவற்றை அதில் ஒரு சேவைப்பெயரின்கீழ்ப் பதிந்துவிட்டால், அடுக்குகள் அப்பெயரை மட்டுமே சுட்டும். வழங்கி மாறும்பொழுது ஒவ்வொரு கணினியிலும் அக்கோப்பை மட்டும் திருத்தினால் போதுமானது. கடவுச்சொல்லை, முதன்மைக் கடவுச்சொல்லால் காக்கப்படும் கியூஜிஐஎஸ் பெட்டகத்தில் வைத்தல் நலம்.

ஆய்வாளர் மாறுவர், வழங்கியும் மாறும். இணைப்பை ஓரிடத்தில் பேணினால்தான், மூடப்பட்ட பள்ளிகள் இருந்த இடத்தை நமக்குப் பின்வரும் மாணவரும் வரைபடத்தில் காண இயலும்.