டூர் லிஸ்ட்டில் பெயர் இல்லாத பிள்ளைகள்... கோளரங்கம் எல்லோருக்கும் எட்ட என்ன செய்யலாம்?

"டூர் வர்றவங்க கை தூக்குங்க!"

வகுப்பில் இந்தக் குரல் கேட்டதும் சில கைகள் சட்டென உயரும். சில கைகள் பாதியிலேயே இறங்கிவிடும். டூர் கிளம்பும் நாளில் அந்தப் பிள்ளைகளுக்குச் சரியாகக் 'காய்ச்சல்' வந்துவிடும். பள்ளி நாள்களில் எனக்கும் அப்படி ஒரு காய்ச்சல் வந்தது. அன்று நான் தவறவிட்டது, கோளரங்கம்.

அப்படி என்ன இருக்கிறது உள்ளே?

சென்னை கோட்டூர்புரத்தில், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் இருக்கிறது பி.எம்.பிர்லா கோளரங்கம். 1988-ல் திறக்கப்பட்டது. விளக்குகள் மெள்ள அணைய, தலைக்கு மேலுள்ள அரைவட்டக் கூரை முழுக்க நட்சத்திரங்கள் மின்னத் தொடங்கும்.

பாடப்புத்தகத்தால் செய்ய முடியாததை அந்தக் கூரை செய்துவிடும். ஓர் உதாரணம், துருவ நட்சத்திரம். சென்னையில் அது அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. பக்கத்து வீட்டு மாடியே மறைத்துவிடும். வட துருவத்துக்குப் போனால் அதே நட்சத்திரம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கோளரங்கத்தில் அந்தப் பயணத்துக்குச் சில நொடிகள் போதும். பூமி உருண்டை என்பது அப்போது மனப்பாடமாக இருக்காது, கண்ணால் பார்த்ததாகிவிடும்.

டிக்கெட்டைவிடப் பெரிய செலவு

பெரும்பாலான பள்ளிகளுக்கு நுழைவுக் கட்டணம் மட்டுமே பிரச்னை இல்லை. பஸ் வாடகையும் மதியச் சாப்பாடும்தான் பட்ஜெட்டை விழுங்குகின்றன. தூரத்துக் கிராமப் பள்ளி என்றால் இரவுத் தங்கலும் சேர்ந்துகொள்ளும். அதனால் டிக்கெட்டில் சலுகை கொடுத்தால் மட்டும் போதாது. வழியைக் குறைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

*பக்கத்தில் இருப்பதைத் தேடுங்கள்:* திருச்சியில் விமான நிலையத்துக்கு அருகே அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கிறது. டெல்டா மாவட்டப் பள்ளிகளுக்குச் சென்னையைவிட இது பக்கம். சென்னைப் பள்ளிகள் என்றால் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் வரை வரலாம்.

*முன்கூட்டியே கேளுங்கள்:* பள்ளிக் குழுக்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா, தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று போனில் விசாரித்துவிட்டு, தலைமையாசிரியர் கடிதத்தோடு பதிவு செய்யுங்கள். மாலை நேர டியூஷன் மையங்களும் குழந்தைகள் இல்லங்களும் இதே சலுகை கிடைக்குமா என்று தயங்காமல் கேட்கலாம்.

*பஸ்ஸைப் பகிருங்கள்:* பிள்ளைகள் குறைவாக உள்ள இரண்டு பள்ளிகள் சேர்ந்து ஒரே பஸ் எடுத்தால், வாடகை பாதியாகிவிடும்.

*கோளரங்கத்தையே வரவழையுங்கள்:* காற்றடைத்த கூடாரம் போன்ற நடமாடும் கோளரங்கங்கள் உண்டு. மின்விசிறிக் காற்றில் கூடாரம் எழுந்து நிற்கும். உள்ளே ஒரு புரொஜெக்டர் வானத்தைக் காட்டும். 5 மீட்டர் அகலக் கூடாரத்தில் சுமார் 25 பிள்ளைகள் உட்காரலாம். குழு குழுவாக அனுப்பினால், ஒரே நாளில் பள்ளியே பார்த்துவிடும். பஸ்ஸும் வேண்டாம், டூர் லிஸ்ட்டும் வேண்டாம்.

*போனில் தொடங்குங்கள்:* ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஸ்மார்ட் வகுப்பறைத் திரையில் இன்றிரவு வானத்தைக் காட்டிவிட்டு, இரவில் மொட்டைமாடியில் கார்த்திகையையும் திருவாதிரையையும் தேடச் சொல்லலாம். கோளரங்கத்துக்கு இது ஈடாகாது. ஆனால், ஆசையைக் கிளப்பிவிடும்.

உதவுகிறீர்களா? ஒரு வேண்டுகோள்

முன்னாள் மாணவர்கள், ஊர்ச் சங்கங்கள் நிறைய பேர் உதவத் தயாராக இருக்கிறார்கள். ஆனால், 'ஏழை மாணவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்' என்று சொல்லிக் கொடுக்கும் உதவி வலிக்கும். முடிந்தால் மொத்த வகுப்புக்கும் பஸ் வாடகையைக் கட்டிவிடுங்கள். யாருக்காகக் கட்டினீர்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரிய வேண்டாம்.

வேலைக்காகச் சென்னை வந்த பிறகுதான் நான் முதன்முதலாகக் கோளரங்கம் போனேன். சுற்றிலும் யூனிஃபார்ம் போட்ட சின்னப் பிள்ளைகள். நட்சத்திரங்கள் வந்ததும் எல்லோரும் ஒன்றாக "ஹேய்ய்" என்று கத்தினார்கள். நானும்தான் கத்தினேன்... பத்து வருஷம் தாமதமாக!

உங்கள் பிள்ளையின் டூருக்குப் பணம் கட்டும்போது, ஆசிரியரிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "யாராவது வரலைன்னு சொன்னாங்களா டீச்சர்?"